போனோடு சேர்ந்து வந்த பிரவுசர்: வேண்டாம் என்றால் நிறுத்தி வைப்பது எப்படி?



சமீப காலமாக எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் எங்களிடம் இந்தக் கேள்வி வருகிறது. "போனைத் தொட்டாலே ஏதேதோ நியூஸ் வருது. அசிங்கமான படம் வருது. 'அஞ்சு நிமிஷத்துல லோன்'னு வருது. நாங்க எதையும் கேக்கல, எதையும் ஏத்தல. அதுவா வருது. பிள்ளைங்க கையில குடுக்கவே பயமா இருக்கு. இதை எப்படி நிறுத்துறது?"

போனை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது போனோடு சேர்ந்தே வந்த பிரவுசர்தான். அது என்ன, ஏன் நாம் கேட்காமலே வருகிறது, அதை எப்படி அடக்கி வைப்பது என்று இந்த மாதம் தெரிந்து கொள்வோம். கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் இதே சங்கதி பொருந்தும் என்பதால் அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

பிரவுசர் என்றால் என்ன?

இன்டர்நெட் என்பது பெரிய சந்தை மாதிரி. அந்தச் சந்தைக்குள் போகிற வாசல்தான் பிரவுசர். தமிழில் உலாவி என்று சொல்கிறார்கள். பட்டா பார்க்க, கரண்ட் பில் கட்ட, பிள்ளையின் பரீட்சை ரிசல்ட் பார்க்க எல்லாவற்றுக்கும் இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் குரோம் என்று ஒன்று இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டத்துக்கு நடுவில் நீலப் புள்ளி, அதுதான். அதோடு போன் செய்த கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு பிரவுசரை வைத்திருக்கும். ஆப்பிள் போனில் சஃபாரி. கம்ப்யூட்டரில் எட்ஜ். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்.

இவையெல்லாம் நாம் கடையில் பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருப்பவை. நாம் ஏற்றிய ஆப் என்றால் அழித்துவிடலாம். இவற்றை அழிக்கப் போனால் "அன்இன்ஸ்டால்" என்ற பொத்தானே பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பலர் "இது போனோட பிறந்தது, ஒண்ணும் செய்ய முடியாது" என்று விட்டுவிடுகிறார்கள். அழிக்க முடியாது என்பது சரி. ஆனால் முடக்கி வைக்க முடியும்.

நாம் கேட்காததை ஏன் தலையில் கட்டுகிறார்கள்?

யூரியா வாங்கப் போனால், "கூடவே இந்தப் பாக்கெட்டையும் வாங்கினாத்தான் மூட்டை" என்று சில உரக்கடைகளில் சொல்வது நமக்குத் தெரியும். தேவையான பொருளோடு தேவையில்லாத பொருளைச் சேர்த்துக் கட்டுவது. பிரவுசர் விஷயத்திலும் இதே வழக்கு உலகம் முழுக்க நடந்திருக்கிறது.

1990களில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசரைத்தான் மக்கள் அதிகம் பயன்படுத்தினார்கள். கம்ப்யூட்டரை இயக்குகிற விண்டோஸ் என்ற மென்பொருளை வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் கம்பெனி, 1995ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டு வந்தது. பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றைத் தேடி யார் போவார்கள்? நெட்ஸ்கேப் படுத்துவிட்டது. 1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டன. "பிரவுசரை விண்டோஸிலிருந்து பிரிக்கவே முடியாது" என்று கம்பெனி வாதாடியது. மைக்ரோசாஃப்ட் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமான வழியில் காத்துக்கொண்டது என்று 2001ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. பிறகு சமரசம் ஆனது. அதன்படி 2002ல் விண்டோஸில் ஒரு வசதி வந்தது: பிடிக்காதவர்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கண்ணில் படாமல் மறைத்து வைக்கலாம். மறைக்கலாம், அவ்வளவுதான். உள்ளே அது இருக்கும்.

ஐரோப்பாவிலும் இதே தகராறு வந்தது. "எந்தப் பிரவுசர் வேண்டும் என்று மக்களிடமே கேள்" என்று சொன்னார்கள். மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு 2010ல் அப்படி ஒரு திரையைக் கொண்டு வந்தது. பிறகு சில காலம் அதைக் காட்டாமல் விட்டதற்காக 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் செய்கிற கம்பெனிகள் பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் குரோம் உட்பட கூகுளின் ஆப்களை மொத்தமாகப் போனில் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று கூகுள் ஒப்பந்தம் போட்டிருந்தது. இது தவறு என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்தது. ஆணையம் போட்ட வேறு சில உத்தரவுகளை மட்டும் நீக்கியது.

இத்தனை கோடி அபராதம் கட்டியாவது ஏன் நம் போனில் உட்கார நினைக்கிறார்கள்? நாம் எந்த வாசல் வழியாகப் போகிறோமோ, அந்த வாசலில் விளம்பரம் வைத்தால் காசு. சஃபாரியில் தேடுகிறவர்கள் எல்லாம் கூகுளில் தேட வேண்டும் என்பதற்காக 2022ஆம் ஆண்டு மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. நம் ஒரு விரல் தட்டலுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது, தோழிகளே. அந்த விரல் எங்கே தட்ட வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

நமக்கு இதில் என்ன நஷ்டம்?

முதலாவது, பணம். பிரவுசர் வழியாக வரும் "உடனடிக் கடன்" விளம்பரத்தைத் தட்டி, ஆதார் போட்டோவும் பான் நம்பரும் கொடுத்தபின் மிரட்டல் போன் வந்து தவித்த பெண்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். குழுவில் நாம் கட்டுகிற வட்டி என்ன, தவணை என்ன என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கடனில் எதுவும் எழுத்தில் இருக்காது. நம் போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கேவலமாக அனுப்புவதாக மிரட்டுவார்கள்.

இரண்டாவது, பயம். "உங்கள் போனில் 4 வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று சிவப்பாக ஒன்று வரும். அது பொய். எந்த இணையப் பக்கத்தாலும் நம் போனுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று இப்படி எண்ணிச் சொல்ல முடியாது. தட்டினால்தான் ஆபத்து.

மூன்றாவது, நெட். நாம் ரீசார்ஜ் செய்த நெட்டில்தான் இந்த நியூஸும் படமும் வீடியோவும் இறங்குகின்றன.

நான்காவது, வேண்டாத பழக்கம். பிரவுசர் சொல்கிற அரைகுறை வதந்தியை நம்பிச் சண்டை வந்த ஊர்களும் உண்டு.

முடக்குவதற்கு முன்: முதலில் வாயை அடைத்துப் பாருங்கள்

பத்தில் பாதிப் போன்களில் பிரவுசரை முடக்கத் தேவையே இருக்காது. அது கத்துவதை நிறுத்தினால் போதும்.

அறிவிப்பு வந்ததும் அதைத் தட்டாதீர்கள். அதன் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எந்த ஆப் அனுப்பியது என்ற பெயரும், அறிவிப்பை நிறுத்துகிற பொத்தானும் வரும். அணைத்துவிடுங்கள்.

குரோமிலிருந்து வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு இணையப் பக்கம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டு, யாரோ "அலோ" கொடுத்திருப்பார்கள். குரோமைத் திறந்து மூன்று புள்ளியைத் தட்டி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் எந்தெந்தப் பக்கத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று தெரியும். தெரியாத பெயரையெல்லாம் நிறுத்துங்கள். இனிமேல் எந்தப் பக்கம் கேட்டாலும் "பிளாக்" என்றே தட்டுங்கள்.

இதைச் செய்தும் அடங்கவில்லை என்றால் முடக்கலாம்.

ஆண்ட்ராய்டு போனில் முடக்குவது எப்படி?

ஒரு விஷயம் முக்கியம். பழைய வாசலை மூடும் முன் புது வாசலைத் திறந்து வையுங்கள். ஒரு பிரவுசரும் இல்லாவிட்டால் அவசரத்துக்குப் பட்டா பார்க்கவோ, விண்ணப்பம் போடவோ முடியாது.

1. பிளே ஸ்டோரில் வேறு ஒரு பிரவுசரை ஏற்றுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்பது மொசில்லா என்ற அமைப்பு நடத்துவது, இலவசம். அல்லது கம்பெனி பிரவுசர்தான் தொல்லை என்றால், இருக்கிற குரோமையே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் முடக்கலாம். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஃபைலிலிருந்து எந்தப் பிரவுசரையும் ஏற்றாதீர்கள்.

2. பழைய பிரவுசரில் பாஸ்வேர்டு, முக்கியமான பக்கம் ஏதாவது சேமித்து வைத்திருந்தால் முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முடக்கும்போது அவை அழிந்து போகலாம்.

3. போனின் செட்டிங்ஸில் "ஆப்ஸ்" என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே "டீஃபால்ட் ஆப்ஸ்" என்று இருக்கும். தமிழ் வைத்திருந்தால் "இயல்பு" என்ற சொல் வரும். அதில் பிரவுசர் என்ற இடத்தில் புதிதாக ஏற்றியதைத் தேர்ந்தெடுங்கள். இனி வாட்ஸப்பில் வருகிற லிங்க் இதில்தான் திறக்கும்.

4. மறுபடி ஆப்ஸ் பட்டியலுக்கு வந்து, முடக்க வேண்டிய பிரவுசரின் பெயரைத் தட்டுங்கள். "டிசேபிள்" அல்லது "முடக்கு" என்ற பொத்தான் இருக்கும். தட்டினால், "மற்ற ஆப்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம்" என்று பயமுறுத்துகிற மாதிரி ஒரு வரி வரும். பிரவுசரைப் பொறுத்தவரை, வேறு பிரவுசர் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். சரி என்று கொடுங்கள்.

5. "பழைய பதிப்புக்கு மாற்றவா?" என்று கேட்டாலும் சரி என்று கொடுக்கலாம். அதனால் போனில் கொஞ்சம் இடமும் மிச்சமாகும்.

முடிந்தது. படம் மறைந்துவிடும், அறிவிப்பு வராது, நெட்டும் இழுக்காது. மறுபடி வேண்டும் என்றால் அதே இடத்தில் "எனேபிள்" அல்லது "இயக்கு" என்று இருக்கும். போன் கெட்டுப் போகாது, அதனால் தைரியமாகச் செய்யலாம்.

சில போன்களில் அந்தப் பொத்தான் மங்கலாக இருக்கும், தட்டினாலும் அசையாது. கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது அறிவிப்பை நிறுத்தி, இயல்புப் பிரவுசரை மாற்றி, படத்தை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பாதித் தொல்லை போய்விடும்.

தொடக் கூடாதது ஒன்று: ஆப்ஸ் பட்டியலில் "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ" என்று ஒன்று இருக்கலாம். அது பிரவுசர் மாதிரி தெரிந்தாலும் பேங்க் ஆப் உட்படப் பல ஆப்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதை முடக்காதீர்கள்.

ஆப்பிள் போன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம், அதில் கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ், அதில் அனுமதித்த ஆப்கள் என்று போய் சஃபாரியை அணைக்கலாம்.

கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில்

ஆயிரக்கணக்கான பெண்களின் சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேங்க் வேலையும் அதில்தான் நடக்கிறது. எனவே கணக்காளர்களும் பிரதிநிதிகளும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று ஆதரவை நிறுத்தியது. 2023 பிப்ரவரி 14 அன்று அப்டேட் மூலம் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் அதை முடக்கியும் விட்டது. அப்டேட் செய்யாத பழைய கம்ப்யூட்டர்களில் அந்த நீல 'இ' எழுத்து இன்னும் உட்கார்ந்திருக்கும். அதில் பேங்க் வேலை செய்வது பூட்டு உடைந்த பீரோவில் பணம் வைப்பதற்குச் சமம். கன்ட்ரோல் பேனல், புரோகிராம்ஸ், "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" என்று போய், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்பதற்கு நேரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் முடங்கிவிடும். எந்த அரசு இணையதளத்துக்காவது அது தேவைப்படுகிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் எட்ஜிலேயே அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

எட்ஜை நம் நாட்டுக் கம்ப்யூட்டரில் சாதாரணமாக நீக்க முடியாது. ஐரோப்பிய நாடுகளில் அங்குள்ள புதுச் சட்டத்தால் 2024 முதல் நீக்கலாம். நமக்கு அந்த வசதி வரும் வரை செய்யக் கூடியது இது: ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமை ஏற்றி, செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போய் "செட் டீஃபால்ட்" கொடுங்கள். கீழே வரிசையில் இருக்கும் எட்ஜ் படத்தை வலது கிளிக் செய்து அன்பின் செய்யுங்கள். எட்ஜின் செட்டிங்ஸில் "ஸ்டார்ட்டப் பூஸ்ட்" என்று இருப்பதை அணைத்தால் பின்னாலிருந்து ஓடாது. இன்டர்நெட்டில் யாரோ சொன்னார்கள் என்று எட்ஜின் ஃபோல்டரைப் பிடித்து அழிக்காதீர்கள். அது அப்டேட்டில் திரும்ப வரும், நடுவில் வேறு புரோகிராம் கெடும்.

பேங்க் வேலைக்கு ஒரு பிரவுசர், மற்ற வேலைக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்தால் ரொம்ப நல்லது. பேங்க் பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டாம். இன்னொன்று: விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. அலுவலகக் கம்ப்யூட்டர் எந்த விண்டோஸ் என்று பார்த்து, அடுத்த செயற்குழுவில் பேசுங்கள்.

பொண்ணு போனுக்கு மட்டும் பூட்டா?

இதையும் சொல்லியே ஆக வேண்டும். பிரவுசரை முடக்கலாம் என்று நாங்கள் சொன்னதும் சில வீடுகளில் முதலில் முடக்குவது காலேஜ் படிக்கிற மகளின் போனைத்தான். மகன் போன் அப்படியே இருக்கும். இது சரியில்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பரீட்சை, வேலை அறிவிப்பு எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் அவளுக்கு வருகிறது. அதை அடைத்தால் மோசடிக்காரனுக்குப் போட்ட பூட்டு நம் பிள்ளையின் படிப்புக்குப் போட்ட பூட்டாகிவிடும்.

சின்னப் பிள்ளைகள் என்றால், கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற இலவச ஆப்பை வைத்து எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று பெற்றோர் கட்டுப்படுத்தலாம். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி வையுங்கள். வளர்ந்த பிள்ளைகளிடம் பேசிப் புரிய வையுங்கள். "தப்பா ஏதாவது வந்தா அம்மாகிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்" என்று சொன்னால், அது எந்தப் பூட்டையும் விடப் பலமானது. உங்கள் போனை உங்களைக் கேட்காமல் வேறொருவர் முடக்கினால், ஏன் என்று கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு.

முடக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. ஃபேஸ்புக் மாதிரி சில ஆப்கள் லிங்கைத் தங்களுக்குள்ளேயே திறக்கும். யூடியூபில் விளம்பரம் வரத்தான் செய்யும். மோசடிக்காரன் போனிலேயே பேசுவான். எனவே பிரவுசர் எதுவாக இருந்தாலும் இதை மறக்காதீர்கள்: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையில்லை. ஓடிபி நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாது. பேங்க் நம்பரைக் கூகுளில் தேடாமல் பாஸ்புக்கைப் பார்த்துப் பேசுங்கள்.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. மிரட்டல், தொல்லை என்றால் பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

* ஒவ்வொருவரும் தங்கள் போனை எடுத்து, எந்தெந்தப் பிரவுசர் இருக்கிறது என்று பாருங்கள்.
* தெரிந்த உறுப்பினர் ஒருவர் தெரியாத இருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். போனை வாங்கி நீங்களே செய்து முடிக்காமல், அவர்கள் விரலாலேயே செய்ய வையுங்கள்.
* யாருடைய போனில் யுசி பிரவுசர் இருக்கிறது என்று கேளுங்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. இருந்தால் நீக்கிவிடுங்கள்.
* "உடனடிக் கடன்" விளம்பரம் யாருக்காவது வந்திருந்தால், தட்டும் முன் குழுவில் சொல்லுங்கள். அவசரத்துக்குக் குழுவின் சங்கக் கடன் இருக்கிறது என்பதை எல்லோருக்கும் நினைவுபடுத்துங்கள்.
* 1930 என்ற எண்ணைக் குழுவின் கணக்கு நோட்டு அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.
* அலுவலகக் கம்ப்யூட்டர் பற்றி எடுக்கிற முடிவைத் தீர்மானமாக எழுதுங்கள்.

முடக்கும்போது ஏதாவது புரியாமல் நின்றுவிட்டால் அப்படியே விட்டுவிட்டு, போனை அடுத்த கிளஸ்டர் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.